யந்திரக் குரலும் ஆங்கில போதனையும்: ஒரு வரலாற்று ஆய்வு

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதார்க்கு அம்மொழியைப் போதிக்கும் முயற்சியில் யந்திர சாதனங்கள் எவ்வாறு புகுந்தன, எந்தெந்தக் கொள்கையைத் தழுவி நின்றன, எதனால் சில நிலைத்துச் சில வழக்கொழிந்தன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். புதிய யந்திரம் தோன்றுந்தோறும் போதனை முறை மாறுகிறது என்பது பொதுஜன அபிப்பிராயம். சான்றுகளைக் கால வரிசையில் வைத்து நோக்குமிடத்து, போதனைக் கொள்கையே யந்திரத்தை வகுப்பறைக்குள் அழைத்ததென்பதும், மாணாக்கரின் மறுமொழிக்கு இடமளித்த சாதனமே பயன் தந்ததென்பதும் புலனாகும்.

தாமஸ் ஆல்வா எடிசன் 1877-இல் ஒலிப்பதிவு யந்திரத்தை இயற்றி, மறு ஆண்டில் அதன் உபயோகங்களை விவரித்து எழுதிய கட்டுரையிலேயே பேச்சுப் பயிற்சியையும் ஒன்றாகக் குறிப்பிட்டிருந்தார். ஆயினும், இலக்கண விதிகளை மனனம் செய்வித்து வாக்கியங்களைப் பெயர்த்தெழுதச் செய்வதே மொழிப்பயிற்சியென ஐரோப்பியப் பள்ளிகள் கருதியிருந்த வரையில், குரலைப் பதியும் யந்திரத்திற்கு அங்கு வேலையில்லை. ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஃபியெட்டோர் 1882-இல் வெளியிட்ட சிறு நூல், பேச்சே மொழிக்கு ஆதாரமாதலால் போதனை அங்கிருந்தே தொடங்கவேண்டுமென வாதித்தது. 1886-இல் பாரிஸில் போல் பாஸியும் அவரைச் சார்ந்த உபாத்தியாயர்களும், ஆங்கிலம் போதிப்பதில் ஒலிக்குறிகளைப் பிரயோகிக்கும் பொருட்டு நிறுவிய சங்கமே பின்னர் சர்வதேச ஒலியியற் சங்கமாக விருத்தியடைந்தது. யந்திரத்தை ஏற்கும் மனப்பக்குவம் மொழியாசிரியரிடையே உண்டானது இவ்வியக்கத்தின் பின்னரேயாம்.

1901-இல் ஜாக் ராஸ்டன் லண்டனில் நிறுவிய லிங்குவாஃபோன் ஸ்தாபனம், முதலில் மெழுகு உருளைகளிலும் பின்னர் இசைத்தட்டுகளிலும் பாடங்களைப் பதிந்து, புத்தகத்தோடு சேர்த்து விற்கலாயிற்று. எவருடைய உச்சரிப்பைப் பதிவது என்னும் வினா உடனே எழுந்தது. லண்டன் சர்வகலாசாலையைச் சார்ந்த யூனிவர்சிட்டி கல்லூரியில் ஒலியியல் போதித்த டேனியல் ஜோன்ஸ், 1917-இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியில், உயர்தர விடுதிப் பள்ளிகளிற் பயின்ற ஆடவரையுடைய தென்னிங்கிலாந்துக் குடும்பங்களின் பேச்சையே அளவுகோலாகக் கொண்டார். பெர்னார்ட் ஷாவோ, 1927-இல் லிங்குவாஃபோனுக்கென்று பதிந்த தம் உரையில், பிரிட்டிஷ் பிரஜைகளுள் இருவரேனும் ஒரே விதமாய்ப் பேசுவதில்லையென்றும், தட்டின் வேகத்தைச் சரியாக அமைக்காவிடில் கேட்பது தம் குரலே அன்றென்றும் நகைச்சுவையோடு எச்சரித்தார். தட்டு எத்துணை முறையும் சலிப்பின்றிப் பேசும். ஆனால் கேட்பவர் தவறாகத் திருப்பிச் சொன்னால் அதை அறியாது.

இரண்டாம் உலக யுத்தத்தினிடையே, 1943-இல், பி.பி.சி. ஸ்தாபனம் ஆங்கிலப் பாடங்களைத் தனிப் பகுதியாக வானொலியில் ஒலிபரப்பத் தொடங்கியது. தட்டு வாங்கும் சக்தியற்றவர்க்கும் ஆங்கிலக் குரல் எட்டியதாயினும், பேசுவது ஒருபுறம், கேட்பது மறுபுறம் என்னும் நிலைமை மாறவில்லை.

மறுமொழிக்கு இடமளிக்கும் யந்திரமென்று பெரும் எதிர்பார்ப்போடு வரவேற்கப்பட்டது மொழி ஆய்வுக்கூடமாகும். 1941-இல் மிச்சிகன் சர்வகலாசாலையில் ஆங்கில மொழி நிலையத்தை அமைத்த சார்லஸ் ஃபிரைஸ், வாக்கிய அமைப்புகளை இடைவிடாத வாய்மொழி அப்பியாசத்தால் பழக்கமாக்க வேண்டுமென்றார். பழக்கமே மொழி என்னும் நடத்தையியல் சித்தாந்தமும் அதற்குத் துணையாயிற்று. யுத்தத்திற்குப் பின் பரவிய காந்த நாடா, மாணாக்கர் தம் குரலைப் பதிந்து, மாதிரிக் குரலோடு ஒப்பிட வழி செய்தது. 1957-இல் ருஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும், மறு ஆண்டில் அமெரிக்கா இயற்றிய தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் பொருளுதவியால் அயல்மொழிப் பயிற்சிக்கென இக்கூடங்கள் பல பள்ளிகளில் எழுந்தன. பிற தேசங்களும் ஆங்கில போதனைக்காக அவ்வமைப்பைப் பின்பற்றின. தடுப்பிட்ட சிற்றறையில், காதொலிக் கருவி அணிந்து, நாடா கூறும் வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்வதே அங்கே நிகழ்ந்த பாடம். பிழையைக் கண்டு திருத்தவேண்டியவர் அம்மாணாக்கரே. ஆனால் அந்நிய ஒலியின் நுட்ப பேதத்தைப் பிரித்தறியும் செவி அவர்க்கு இன்னும் வாய்க்கவில்லை. 1959-இல் மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி நடத்தையியல் நூலொன்றைக் குறித்து எழுதிய மதிப்புரை அக்கொள்கையைத் தகர்த்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பள்ளிகளில் 1965-இல் தொடங்கிய ஆய்வோ, இக்கூடங்களால் தனிப்பட்ட நன்மை விளைந்ததாகக் காணவில்லை. கொள்கை சாய்ந்தபின் கூடங்களும் பூட்டுண்டன.

அடுத்து எழுந்த கருத்துப் பரிமாற்றக் கொள்கை, வாக்கிய அமைப்பை விடுத்துச் சந்தர்ப்பத்தை முதன்மையாக்கியது. பி.பி.சி. 1979-இல் தொடங்கிய 'ஃபாலோ மீ' என்னும் தொலைக்காட்சித் தொடர், கடையிலும் ரயில் நிலையத்திலும் நிகழும் சம்பாஷணையைக் காட்டி, சீனாவில் மிகப் பெருந்திரளான பார்வையாளரைப் பெற்றது. இக்கொள்கைக்கு யந்திரம் இன்றியமையாததன்று என்பதை, என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில், பெரும்பாலும் கரும்பலகையையும் சுண்ணக்கட்டியையும் கொண்டே நடத்திய பரிசோதனை காட்டிற்று. ஏறக்குறைய அதே காலத்தில், 1982 முதல் 1985 வரை, கென்யாவின் ஆரம்பப் பள்ளிகளில் நிகழ்ந்த வானொலித் திட்டம், ஒவ்வொரு வினாவுக்குப் பின்னும் மௌன இடைவெளி விட்டு, குழந்தைகள் உரத்து விடை கூறவும் உபாத்தியாயர் உடனிருந்து நடத்தவும் வகை செய்தது. அவ்வகுப்பினர் கேட்டலிலும் வாசித்தலிலும் ஏனையோரினும் மேம்பட்டனர். பழைய சாதனமே, அமைப்பு மாறியதால் வேறு பயன் தந்தது.

கணிப்பொறியும் இவ்விதிக்கு விலக்கன்று. தொடக்கத்தில் அது மொழி ஆய்வுக்கூடத்தின் அப்பியாசத்தையே திரையில் மீண்டும் நடத்தியது. பர்மிங்காம் சர்வகலாசாலையில் ஜான் சின்க்ளேர் தலைமையில் சுமார் 2 கோடிச் சொற்கள் கொண்ட கணிப்பொறியில் திரட்டிய பிரயோகத் தொகுதியை ஆதாரமாக வைத்து 1987-இல் கோபில்ட் அகராதி வெளிவந்ததும், அங்கேயே டிம் ஜான்ஸ் அத்தகைய தொகுதியின் வரிகளை மாணாக்கர் கையிலளித்து விதியைத் தாமே கண்டறியச் செய்ததும், கணிப்பொறியின் உண்மையான தகுதியை வெளிப்படுத்தின. மாணாக்கரின் பேச்சை யந்திரமே செவிமடுக்கும் நிலையும் பின்னர் வந்தது. ஹைதராபாத்தில் சுகதா மித்ராவும் பிறரும், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளைச் சிறுவரிடம் அளித்து நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் உச்சரிப்பு திருந்தியதாகக் கூறுகிறது. ஆயினும் அங்கே தவறென்பது அம்மென்பொருள் எழுதத் தவறிய சொல்லே. ஷா எழுப்பிய வினா, எவர் பேச்சு அளவுகோல் என்பது, யந்திரத்தின் உள்ளே மறைந்திருக்கிறதேயன்றித் தீரவில்லை.

ஆகவே, யந்திரத்தின் புதுமை அதன் தகுதிக்குப் பிரமாணமாகாது. இன்று பள்ளிகளுக்குக் கருவி தேர்ந்தெடுக்கும் பொறுப்புடையோர், அதன் விலையையும் வேகத்தையும் விசாரிக்கு முன்னர் மூன்றினைக் கேட்டறிதல் வேண்டும்: எக்கொள்கையை அது நடத்துகிறது? மாணாக்கரின் விடையை ஏற்பது யார்? எவர் பேச்சைக் கொண்டு அவ்விடை அளக்கப்படுகிறது? இவற்றிற்குத் தெளிவான விடை கிடையாத கருவியை வாங்காதிருப்பதே நன்று.