எம்.சி. ராஜாவின் நாற்காலி

எம்.சி. ராஜான்னா நம்ம ஆட்களுக்கு உடனே நினைவுக்கு வருவது ராஜா–மூஞ்சே ஒப்பந்தம்தான். 1932 இல் இந்து மகாசபையின் மூஞ்சேயோடு சேர்ந்து, அம்பேத்கர் கேட்ட தனி வாக்காளர் தொகுதிக்கு எதிராகக் கூட்டுத் தொகுதி போதும் என்றவர். அந்த ஒரு வரியோடு அவரை மூடி வைத்துவிடுகிறோம். புளியந்தோப்பில் பிறந்த எனக்கு அது போதவில்லை. எங்களுக்கு ராஜாவின் கதை 1921 இல் தொடங்குகிறது.

அந்த வருஷம் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் மில்களில் பெரிய ஸ்டிரைக். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்க, ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குப் போனார்கள். ராஜாவும் அவர்கள் பக்கம்தான். கருங்காலிகள் என்று எழுதுகிறவர்கள், ஒருநாள் கூலி நின்றால் அடுப்பு எரியாத சேரிக்கு எந்தச் சங்கம் கஞ்சி ஊத்துச்சுன்னு கேட்பதில்லை. ஜூன் கடைசியில் புளியந்தோப்புக் குடிசைகள் எரிந்தன. மாசக்கணக்கில் கலவரம், துப்பாக்கிச் சூடு. எரிஞ்சது யாரு வீடுன்னு பார்க்காமல், தொழிலாளர் இலாகா ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்ததுதான் காரணம் என்றார்கள் ஜஸ்டிஸ் கட்சிக்காரர்கள். ராஜாவும் அந்தக் கட்சியில் இருந்தவர்தான். 1923 இல் வெளியேறினார்.

அதற்குப் பிறகு எங்கே போவது? அவர் சென்னைச் சட்டசபையில் இருந்ததும், 1927 முதல் 1937 வரை டில்லி மத்திய சட்டசபையில் இருந்ததும் நியமன உறுப்பினராகத்தான். சொத்தும் வரியும் உள்ளவனுக்கே வோட்டு இருந்த காலம். நாற்காலியைக் கொடுத்தது சேரி அல்ல, வெள்ளைக்கார சர்க்கார். அதில் உட்கார்ந்துதான், 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்களை அரசுப் பதிவேடுகளிலிருந்து எடுத்துவிட்டு 'ஆதிதிராவிடர்' என்று எழுத 1922 இல் தீர்மானம் கொண்டுவந்தார். இன்றும் நம் சாதிச் சான்றிதழில் நிற்கும் சொல் அது.

வட்டமேஜை மாநாட்டுக்கு அதே சர்க்கார் அம்பேத்கரையும் இரட்டைமலை சீனிவாசனையும் அழைத்தது. ராஜாவை விட்டுவிட்டது. மூஞ்சேயிடம் போனதில் அந்தக் கசப்புக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். தப்பு தப்புதான், மறைக்க வேண்டாம்.

ஆனால் அந்தத் தப்புக்கு 1938 இல் அவரே விலை கொடுத்தார். சென்னைச் சட்டசபையில் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். அப்போது பிரதமராக இருந்த ராஜாஜி திரும்பப் பெறச் சொன்னார். ராஜா மறுத்தார். காங்கிரஸ் பெரும்பான்மை மசோதாவைத் தோற்கடித்தது. பூனா ஒப்பந்தத்தின் கூட்டுத் தொகுதியில் ஜெயித்து வந்த காங்கிரசின் அரிசன உறுப்பினர்களும் கட்சியோடுதான் நின்றார்கள். அந்த ஒப்பந்தத்தில் ராஜாவும் கையெழுத்துப் போட்டவர்.

1942 இல் கிரிப்ஸைப் பார்க்க அம்பேத்கரும் ராஜாவும் சேர்ந்து போனார்கள். அடுத்த வருஷம் ராஜா செத்துப்போனார்.