ஒரே கப்பல், இரண்டு விதமான டிக்கெட்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

கூடலூரில் என்னிடம் படித்த மாணவி ஒருவர், சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் போய்வந்த படங்களைப் போட்டிருந்தார். கீழே ஒரு கேள்வி: "சார், நாங்க ஒன்றரை மணி நேரத்துல போயிட்டோம். எங்க பாட்டி எப்படிப் போனாங்க?" அதற்குத்தான் இந்தப் பதிவு.

பழைய ஆட்கள் 'போட் மெயில்' என்று பெருமையாகச் சொல்வார்கள். முதலில் அது எழும்பூரிலிருந்து தூத்துக்குடி வரை ஓடியது. அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தபின் ரயில் தனுஷ்கோடிக்குப் போனது. அங்கே இறங்கி, தென்னிந்திய ரயில்வேயின் கப்பலில் ஏறினால் சுமார் 35 கிலோமீட்டரில் தலைமன்னார். துறையிலேயே கொழும்பு ரயில் நிற்கும். எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட் கொழும்புக் கோட்டை வரை செல்லும். வியாபாரிகள், வக்கீல்கள், துரைமார்கள் எல்லாம் இப்படித்தான் போனார்கள்.

உங்கள் பாட்டன் பாட்டி கையில் இருந்தது வேறு டிக்கெட். அது தகரத்தில் செய்த வில்லை. தோட்டத்தின் எண்ணைப் பொறித்துக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். வழியில் ரயில் கட்டணமும் சாப்பாடும் அந்த எண்ணைப் பார்த்துத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். கங்காணி கூட்டிப்போனதாகத்தான் வீடுகளில் சொல்வார்கள். தகர வில்லையைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிக்காது. அதற்கும் முந்தின தலைமுறை, காப்பித் தோட்டக் காலத்தில், தோணியில் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியில் நடந்தது. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம்.

தகர டிக்கெட்காரர்கள் நேரே கப்பல் ஏற முடியாது. மண்டபத்தில் இலங்கை அரசு ஒரு முகாம் வைத்திருந்தது. கவனியுங்கள், நம் மண்ணில் இலங்கை அரசின் முகாம்! அங்கே சில நாள் நிறுத்தி, அம்மை குத்தி, நோய் இல்லை என்று பார்த்த பிறகே அனுப்பினார்கள். ராமேஸ்வரம் போகும்போது 'மண்டபம் கேம்ப்' என்று ஒரு ரயில் நிலையம் வருமே, அந்தப் பெயர் இதனால் வந்ததுதான்.

சுதந்திரம் வந்ததும் கதை திரும்பியது. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் இல்லை என்றானார்கள். 30.10.1964 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் கணக்கு பிறகு பார்க்கலாம் என்று முடிவு. அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூட்டை பிரிப்பது போலப் பிரித்தார்கள் என்றுதான் வகுப்பிலும் சொல்வேன்.

அது நடந்து 53-ஆம் நாள், டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. துறையும் ரயில் பாதையும் போயின. பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. 'ராமானுஜம்' என்ற அந்தக் கப்பலில்தான் உங்களில் பலருடைய அப்பா அம்மா வந்து இறங்கினார்கள். இறங்கியதும் போன இடம் அதே மண்டபம் முகாம். தாத்தாவை அனுப்பிவைத்த இடமே பேரனை வரவேற்றது.

அங்கிருந்து கொஞ்சம் பேர், 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்காக நீலகிரி வந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் வகுப்பில் பாதி அந்தப் பிள்ளைகள். ஊரில் 'சிலோன்காரங்க' என்பார்கள். அங்கே 'இந்தியாக்காரன்' என்ற பட்டம், இங்கே இது. வருகைப் பதிவேட்டில் பிறந்த ஊர் என்ற இடத்தில் அட்டன், பண்டாரவளை என்று எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

1983 கலவரத்தையடுத்துக் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் கிளம்பாமல் இருந்த பல்லாயிரம் பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைக்க 2003 சட்டம் வரவேண்டியிருந்தது. அண்ணன் முந்திய கப்பலில் ஏறியிருப்பார், அடுத்த கப்பலில் வருகிறேன் என்ற தங்கை அங்கேயே நின்றிருப்பார். அண்ணன் இந்தியர், தங்கை இலங்கையர். இப்படி என் மாணவர்கள் வீட்டிலேயே உண்டு.

இப்போது தலைமன்னார்த் துறைக்கு 2015 முதல் மறுபடி ரயில் வருகிறது. 2025-ல் நம் பக்கம் புதிய பாம்பன் பாலமும் திறந்தாயிற்று. இரண்டுக்கும் நடுவில் கப்பல் மட்டும் இல்லை. 2023-ல் தொடங்கிய கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகிறது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் கப்பலில் வந்தபோது கொடுத்த குடும்ப அட்டை இருந்தால், அதைக் கிழியாமல் எடுத்து வையுங்கள். வந்த தேதி அதில் இருக்கும். தேதியை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள், அட்டையைப் பொதுவில் போட வேண்டாம். யார் யார் ஒரே கப்பலில் வந்தீர்கள் என்று சேர்த்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.