சுராங்கனி வந்த வழி

ஏர்க்காட்டுக்குச் செல்வோர் சேர்வராயன் மலைச் சரிவெங்கும் காப்பித் தோட்டங்களைக் காண்பர். அச்செடி இம்மண்ணில் பிறந்ததன்று, ஆப்பிரிக்காவிலே பிறந்தது. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன், அதனை இம்மலையிலே பயிரிடச் செய்தார். இன்றோ காப்பி நம் வீட்டுப் பானம்! 'எந்நாட்டுச் செடி? எக்குலத்துச் செடி?' என்று கேட்டுவிட்டு எவரும் அதனை அருந்துவதில்லை.

காப்பிக்குக் கேட்காத குலத்தைக் கலைக்கு மட்டும் கேட்கிறோமே, ஏன்?

அதே காப்பிதான், 19ஆம் நூற்றாண்டில் சேலம், திருச்சி மாவட்டத்து ஏழைகளைக் கடல் கடக்க வைத்தது. வெள்ளைத் துரைமார் இலங்கை மலைகளிலே அமைத்த தோட்டங்களுக்கு, கங்காணிகளின் பின்னே கால் கடுக்க நடந்தனர் நம்மவர். இங்கிருந்து அங்கே போனது உழைப்பு. நூறாண்டு கடந்தபின் அங்கிருந்து இங்கே வந்தது ஒரு பாட்டு. 'சுராங்கனி' அதன் பெயர்.

இலங்கைத் தமிழரான ஏ. ஈ. மனோகரன், 'சிலோன் மனோகர்' என்று நாடறிந்தவர், 1970களில் சிங்களமும் தமிழும் கலந்து அதனைப் பாடிப் பரப்பினார். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில், இளையராஜா இசையில், மலேசியா வாசுதேவன் குரலிலும் அது ஒலித்தது. கேட்டவர் கால்கள் தாமே தாளமிட்டன. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் செய்த தீவிலே, இரு மொழியும் ஒரே பாட்டில் கைகோத்து ஆடின!

அந்தத் தாளத்துக்கு உரியவர் யார்? 'பைலா' என்பது அதன் பெயர். போர்த்துகீசிய மொழியிலே 'ஆடுதல்' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. 1505இல் இலங்கையில் கால்வைத்த போர்த்துகீசியர், ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் அங்கே கொண்டுவந்தனர். அவர்தம் ஆட்டமும் போர்த்துகீசியப் பாட்டும் கலந்து 'கஃப்ரிஞ்ஞா' ஆயிற்று. 1940களில் வாலி பாஸ்டியன் என்ற போக்குவரத்துக் காவலர் அந்தத் தாளத்துக்குச் சிங்களச் சொற்களைச் சூட்டினார். பைலா வீதிக்கு வந்தது. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் அந்த ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். தேங்காய்ச் சிரட்டையும் கரண்டியும் கண்ணாடிப் புட்டியுமே அவர்களுக்கு இசைக் கருவிகள்!

அம்மக்களுக்கு உலகம் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? 'காப்பிரி'. 'நம்பாதவன்' என்று பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்தது அது. தம் கடவுளை ஏற்காதவனுக்கு ஒரு மதத்தார் இட்ட பெயரை, வேறொரு மதத்தார் எடுத்து, கறுப்பு மனிதனின் நெற்றியிலே ஒட்டினர். பெயரால் இழிவு, நிறத்தால் இழிவு. அவன் தாளம் மட்டும் எல்லோர்க்கும் இனிப்பு!

அமெரிக்காவிலும் இதே கதைதான். கறுப்பரின் இசைத்தட்டுகளை 'இனத் தட்டுகள்' என்று ஒதுக்கி வைத்திருந்தனர். 1949இல்தான் 'பில்போர்டு' ஏடு தன் பட்டியலில் அப்பெயரை நீக்கி, 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றியது. பெயர் மாறிற்று, பேதம் மாறிற்றா?

அமெரிக்காவைப் பழித்துவிட்டு நாம் கைகட்டி நிற்க முடியுமா, தோழர்களே? நம் பறையை எண்ணிப் பாருங்கள். அது முழங்கினால்தான் ஊர்த் திருவிழா களைகட்டும். அது அதிர்ந்தால்தான் இறுதி ஊர்வலம் நகரும். ஆனால் அதனை முழக்கியவனை ஊருக்கு வெளியே நிறுத்தினோம். தோலைத் தொட்டவன் தீட்டு என்றோம். தோலால் போர்த்த மிருதங்கத்தையோ மேடையிலே ஏற்றி வைத்தோம். மாட்டுத் தோலிலே தீட்டு இல்லை; மாந்தர் மனத்திலே இருக்கிறது!

காப்பிச் செடிக்கு மலையிலே இடம் தந்தோம். சுராங்கனிக்கு மணப்பந்தலிலே இடம் தந்தோம். தாளம் தந்த மனிதனுக்கு நம் கூடத்திலே, நம் பந்தியிலே, இடம் தந்தோமா? இசையை ரசிப்பது இன்பம். இசைத்தவனை மதிப்பதே அறிவு. அடுத்த முறை கால்கள் தாளமிடும்போது, இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.