பீதியின் காரணங்கள்: 1942 ஆம் ஆண்டுக் கொழும்பு

அச்சம் எவற்றால் தோன்றும் என்னும் வினா தமிழர்க்குப் புதிதன்று. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினையும் அதற்குக் காரணங்களாகத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். இவை யாவும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பவை. ஆயின், கண்முன் நில்லாத ஒன்றை எண்ணி ஒரு நகரமே நிலைகலங்குவதும் உண்டு. அதனையே பீதி என்கிறோம். அதன் காரணங்களை ஆராய்வார்க்கு 1942 ஆம் ஆண்டுக் கொழும்பு நகர் தக்கதொரு சான்றாகும்.

அவ்வாண்டு பெப்ருவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. மார்ச்சு 8 ஆம் நாள் இரங்கூன் வீழ்ந்தது. அம்மாத இறுதிக்குள் அந்தமான் தீவுகளும் பறிபோயின. வெல்லற்கரிய கோட்டை எனப் பேசப்பட்ட சிங்கப்பூரே வீழ்ந்தபின், அரசினரின் உறுதிமொழிகளை எவர் நம்புவர்? பர்மாவிலிருந்து இந்தியர் பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் மீண்டனர். இவ்வாறு, குண்டு விழுமுன்னரே பீதிக்கு நிலம் பண்படுத்தப்பட்டிருந்தது.

ஏப்பிரில் 4 ஆம் நாள், கொக்கலையிலிருந்து கற்றலீனா விமானத்திற் சென்ற கனடிய வீரர் லெனாட் பேர்ச்சல் யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். எனினும், மறுநாள் உயிர்த்த ஞாயிறு காலை பகைவர் விமானங்கள் வந்தடைந்தபோது, இரத்மலானையின் போர் விமானங்கள் இன்னும் வானேறி முடிந்திருக்கவில்லை. வடக்கே கொட்டாஞ்சேனை துறைமுகத்தை ஒட்டியது; தெற்கே வெள்ளவத்தை துறைமுகத்துக்கும் இரத்மலானைக்கும் இடையிலுள்ளது. எனவே இரு பகுதி மக்களும் போரின் அயலிலேயே இருந்தனர். துறைமுகத்தில் ஹெக்டர், தெனிடோஸ் என்னும் கப்பல்கள் அழிந்தன. அங்கொடை மனநோய் வைத்தியசாலையிலும் குண்டுகள் வீழ்ந்தன.

இதன்பின் மக்கள் திரள் திரளாக நகரை நீங்கினர். துறைமுகத் தொழிலாளர் பலர் வேலையை விட்டகன்றமையால் கப்பல்களிற் சரக்கேற்றலும் இறக்கலும் தடைப்பட்டன. இந்தியத் தொழிலாளர் பலர் தலைமன்னார் வழியே தாயகம் திரும்பினர். இதனைக் கோழைத்தனம் என்று இகழ்தல் பொருந்தாது. அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சாதிருத்தல் அறியாமை என்பது வள்ளுவர்க்கும் உடன்பாடே. குண்டு மெய்யானது, அடுத்தது எப்போது வரும் என்பதே அறியப்படாதது. அறியாமை நின்ற அவ்விடத்தை வதந்தி நிரப்பியது.

இவ்வுண்மையைச் சென்னை இன்னும் தெளிவாகக் காட்டும். ஏப்பிரில் 6 ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. சென்னையில் அம்மாதம் ஒரு குண்டும் விழவில்லை. ஆயினும் அரச அலுவலகங்கள் உள்நாட்டுக்குப் பெயர்க்கப்பட்டன, மக்கள் வெளியேறினர், விலங்குக் காட்சிச்சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. விலங்கினும் பெரிய அச்சமொன்று அங்கு நிலவிற்று. அது செய்தியால் விளைந்தது.

நகரத்தின் பீதி வேறு. தனிமனிதனின் பீதிநோய் வேறு. எனினும், பின்னையதன் வரலாறும் போரோடு தொடர்புடையதே. அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர் சிலர்க்கு, இருதயத்தில் நோயின்றியே படபடப்பும் மூச்சுத்திணறலும் உண்டாயினமையை டா கொஸ்தா என்னும் வைத்தியர் 1871 இல் விளக்கினார். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980 இல் பீதிநோயைத் தனி நோயாக வகுத்தது. ஆங்கில உளவியலறிஞர் டேவிட் கிளாக் 1986 இல் அதன் இயக்கத்தை விளக்கினார். நெஞ்சு சற்று விரைந்து துடிக்கின்றது. அதனைச் சாவின் அறிகுறியென மனம் கொள்கின்றது. அவ்வச்சத்தால் துடிப்பு மேலும் மிகுகின்றது. பரம்பரையும் வாழ்க்கையில் நேரும் இன்னல்களும் இதற்குத் துணைக்காரணங்களாகலாம். இந்நோய் மருந்தாலும் உளச்சிகிச்சையாலும் தணியக்கூடியது.

நகராயினும் மனிதனாயினும், தெளிவற்ற அறிகுறியைப் பேரிடராகக் கொள்ளும்போது அச்சம் தன்னைத்தானே வளர்க்கின்றது. அஞ்சுவோரை இகழ்வதால் அது தணிவதில்லை. 1942 இல் கொழும்பு மக்களுக்கு வேண்டியிருந்தது காலத்தில் வந்து சேரும் நம்பத்தகுந்த செய்தி. பீதிநோயாளிக்கு வேண்டுவதும் தன் உடலைப் பற்றிய மெய்யறிவே.