தமிழ்99: இலக்கணம் விசைப்பலகையான கதை

விசைப்பலகையின் வரலாறு இயந்திரங்களின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. தமிழைப் பொறுத்தவரை அது இலக்கணத்தின் வரலாறும் ஆகும்.

247 எழுத்துகளை ஆங்கிலத் தட்டச்சுப் பொறியின் விசைகளுக்குள் அடக்குவது எங்ஙனம்? யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் இதற்கு விடை கண்டார். தமிழ்த் தட்டச்சில் எழுத்துகள் கொம்பு, கால், புள்ளி என உறுப்புகளாகப் பிரிந்தன. புள்ளி விசையை அழுத்தினால் தாள் நகராது; அடுத்து அடிக்கும் எழுத்து அதன் கீழே பதியும். ஆகவே ‘க்’ என்று எழுதப் புள்ளியே முதலில் வரவேண்டும். கண் காணும் வடிவமே அங்கு அளவுகோல், ஒலி அன்று.

கணினி வந்தபின் இக்கட்டாயம் நீங்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்இணையம்99 மாநாட்டின் வழியே உருவான தமிழ்99 விசைப்பலகையை அவ்வாண்டு ஜூனில் தமிழக அரசு ஏற்றது. பன்னிரண்டு உயிரும் புள்ளியும் இடக்கையில். வ, ங நீங்கலாக ஏனைய மெய்கள் யாவும் வலக்கையில். ஆக முப்பத்தொரு விசைகள். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவது தானே புள்ளி பெறும். ங–க, ஞ–ச, ண–ட, ந–த, ம–ப, ன–ற என இன எழுத்துகள் அடுத்தடுத்து வரினும் அவ்வாறே. ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என நான்கு அழுத்தங்கள் போதும். ‘மமதை’ என எழுத விரும்புவோர் இரு மகரங்களுக்கு இடையே அகரத்தை அழுத்தவேண்டும். நன்னூல் பயின்றவர்க்கு இவ்விதிகள் புதியன அல்ல.

இவ்வமைப்புக்கு இன்று எதிர்பாராத இடர் ஒன்று நேர்ந்துள்ளது. மணிக்கட்டு நோவைத் தவிர்க்க எண்ணுவோர் நாடும் இருபாதிப் பலகைகளில் கார்ன் என்பது 42 விசைகளே கொண்டது. அதன் இயல்பான அமைப்பில் சதுர அடைப்புக்குறிகள் முதல் அடுக்கில் இல்லை. ஆங்கிலேயர்க்கு அதனால் இழப்பில்லை. தமிழ்99இலோ அவை சகரமும் ஞகரமும்! ‘சென்னை’ என்று எழுதத் தொடங்கும்போதே விரல் தடுமாறும்.

தீர்வு திறந்த மூலத்தில் உள்ளது. ஜுன் வாக்கோவின் டிஎம்கே நிரலிலிருந்து கிளைத்த கியூஎம்கே, பலகையினுள் இருக்கும் நிரலையே நாம் திருத்த இடமளிக்கிறது. பலகை கணினிக்கு அனுப்புவது எழுத்தையன்று, விசையின் எண்ணை மட்டுமே. அவ்வெண்ணை ‘ச’ என்று படிப்பது கணினியிலுள்ள தமிழ்99. எனவே ணகரத்துக்கு வலப்புறம் உள்ள அழிப்பு விசையைக் கட்டைவிரலுக்கு மாற்றி, அவ்விடத்தில் அடைப்புக்குறியின் எண்ணை வைத்தால் சகரம் தன் பழைய இடத்துக்கே மீளும். அருகி வரும் ஞகரம் இடப்பக்க மூலையில் அமையலாம். விசை வரைபடக் கோப்பில் இவ்விரு வரிகளைத் திருத்தி, நிரலைத் தொகுத்து, மீட்டமைப்புப் பொத்தானை அழுத்தி இரு பாதிகளிலும் ஏற்றவேண்டும். பின்னர் ஆவடியை அடுத்த வெள்ளானூரில் அமர்ந்து எழுதினாலும் டொரொன்டோவில் அமர்ந்து எழுதினாலும், எந்தக் கணினியில் செருகினாலும் அத்திருத்தம் பலகையோடே வரும். கணினியில் தமிழ்99 இருந்தால் போதும்.

முத்தையா காலத்தில் தமிழ் பொறிக்கு இணங்கி வளைந்தது. இன்று பொறியை வளைக்கும் உரிமை பயனர் கையில் இருக்கிறது. அதனைப் பயன்படுத்தாவிடில், எவரும் தடை செய்யாமலே இரண்டு மெய்யெழுத்துகள் நம் விரலை விட்டு விலகும்.