பகா எண்ணும் பகாப்பதமும்

ஜொகூரில் தமிழ்ப்பள்ளி மாணவர் 'பகா எண்' என்று கற்ற ஒன்று, இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் 'நொம்போர் பெர்டானா' ஆகிவிடுகிறது. சொல் மாறும்போது அச்சொல் தாங்கிய கருத்தும் நழுவிவிடலாகாது. ஆகவே அதன் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

மலாய்ச் சொல்லும் ஆங்கிலத்தின் 'பிரைம்' என்பதும் முதன்மையைக் குறிப்பன. பிரதமரைச் சுட்டும் 'பெர்டானா மெந்திரி'யில் உள்ளதும் அதே பெர்டானாவே. தமிழ்ச் சொல்லோ எண்ணின் இயல்பையே பெயராக்கியது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பதவியலில் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என வகுத்தார். 'நடந்தான்' பகுபதம்; 'மண்' பகாப்பதம். 'மண்' என்பதை எழுத்து எழுத்தாகப் பிரிக்கலாம். ஆயினும் அத்துண்டுகளுக்குப் பொருள் இராது. அவ்வாறே 17ஐப் பத்தும் ஏழுமாகப் பிரிக்கலாம். சம அளவுள்ள குழுக்களாகப் பகுக்க முயன்றால், ஒவ்வொன்றாக நிறுத்துவதன்றி வேறு வழியில்லை. 15ஓ மும்மூன்றாக ஐந்து குழுக்களாகும். எவ்வகைப் பிரிப்பு பொருளுடையது என்பதை முதலில் வரையறுத்த பின்னரே பகாமை பேசப்படுகிறது. இலக்கணமும் கணிதமும் இங்கு ஒரே நெறியில் நிற்கின்றன.

இந்நெறியின் ஆழத்தைக் காட்டுவது இராமானுசனின் 'டௌ' சார்பு. முடிவிலாப் பெருக்கம் ஒன்றை 24ஆம் அடுக்குக்கு உயர்த்தி விரிக்கும்போது எழும் கெழுக்களே அதன் மதிப்புகள். அவற்றை அவர் 1916இல் ஆராய்ந்தார். 2க்குரிய மதிப்பு -24, 3க்குரியது 252. இவ்விரண்டையும் பெருக்கினால் -6048. 6க்குரிய மதிப்பும் அதுவே. பொதுக் காரணியற்ற எண்கள் அனைத்துக்கும் இவ்வியல்பு பொருந்தும் என்று அவர் கணித்ததை, 1917இல் மோர்டெல் நிறுவினார்.

அப்படியாயின் டௌ மதிப்பு ஒன்று பகா எண்ணாக அமைவது எளிதன்று. மூல எண் பொதுக் காரணியற்ற இரு எண்களாகப் பகுபடுமாயின், மதிப்பும் பகுபட்டுவிடும். மேலும், ஒற்றை எண்ணின் வர்க்கங்களுக்கு மட்டுமே ஒற்றைப்படை மதிப்பு வரும்; ஏனைய மதிப்புகள் யாவும் இரட்டைப்படை. இத்தடைகளைக் கடந்த முதல் எண் 63001 என்று 1965இல் லெமர் காட்டினார். அது 251 என்னும் பகா எண்ணின் வர்க்கம். குறை குறியை நீக்கினால் அதன் டௌ மதிப்பு 80561663527802406257321747. 26 இலக்கங்கள் கொண்ட இது ஒரு பகா எண்.

கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன் 1920இல் தம் 32ஆம் வயதில் மறைந்தார். அவர் வகுத்த வரிசையுள் இருந்த இவ்வெண் வெளிப்பட மேலும் 45 ஆண்டுகள் ஆயின.

ஆசிரியர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. மலாய்ச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் கரும்பலகையில் அருகருகே எழுதுங்கள். 'எது பகாது, ஏன் பகாது?' என்று மாணவரைக் கேளுங்கள். விடையின் பாதி தமிழ்ச் சொல்லிலேயே இருப்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.