மணல் திரும்பிய கரை: புதுச்சேரி

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குக் கடல் என்பது பெரும்பாலும் கேள்விச் செய்திதான். மேற்கே மலைத்தொடர், கடலைக் காண வேண்டுமானால் திருச்செந்தூருக்கோ தூத்துக்குடிக்கோ போக வேண்டும். ஆயினும் இவ்வூர் ஆண்டாள், திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில், மழைமேகம் கடலில் நீரை மொண்டு எழுவதைப் பாடினாள். அவளுடைய பாடல்கள் சில 1915இல் ஒரு கடற்கரை நகரத்திலிருந்து ஆங்கிலத்தில் வெளிவந்தன. நகரம் புதுச்சேரி, மொழிபெயர்த்தவர் அரவிந்தர், துணை நின்றவர் பாரதி, இதழ் 'ஆர்யா'. இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பேருந்தில் காலம் கழிக்கும் ஒரு தமிழாசிரியன் புதுச்சேரிக்குப் போக இந்த ஒரு காரணமே போதும்.

அந்நகரத்தின் வரலாறு, வந்தவர்களின் வரலாறு. சற்றுத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு ரோமானிய மதுச்சாடிகளையும் மட்கலங்களையும் வெளிக்கொணர்ந்தது. பண்டைக் கிரேக்கக் குறிப்புகளில் வரும் 'பொதுகே' துறைமுகம் இதுவே என்பர். 1674இல் பிரான்சுவா மார்த்தேன் பிரெஞ்சுக் குடியிருப்பை நிறுவினார். 1693இல் டச்சுக்காரர் கைப்பற்றி, 1699இல் திருப்பித் தந்தனர். 1761இல் ஆங்கிலேயர் நகரத்தைத் தரைமட்டமாக்கினர். இன்று பயணிகள் விரும்பிப் படமெடுக்கும் பிரெஞ்சுப் பகுதியின் கட்டடங்கள் பெரும்பாலும் அந்த அழிவுக்குப் பின் எழுந்தவையே.

அழிந்த நகரம் எங்கே இருக்கிறது? தமிழில் இருக்கிறது. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்த செய்தியும், துணி வணிகமும், ஆளுநர் மாளிகைப் பூசல்களும் பதிவாகியுள்ளன. நகரம் வீழ்ந்த அதே 1761 ஜனவரியில் அவரும் மறைந்தார். அந்த நாட்குறிப்பின் உலகத்தைப் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களில் மீட்டெழுதினார். பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

பிரெஞ்சு ஆட்சி என்பதாலேயே ஆங்கில அரசால் தேடப்பட்டவர்களுக்கு இக்கரை புகலிடமாயிற்று. பாரதி 1908 முதல் 1918 வரை இங்கிருந்தார். பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் இங்கே பிறந்தவை. அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் 1910இல் வந்து சேர்ந்தனர்.

மனிதர்களைப் போலவே மணலும் வந்துபோகும் ஒன்று என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று மணலை வடக்கே நகர்த்தும். வடகிழக்குப் பருவக்காற்று தெற்கே தள்ளும். மொத்தத்தில் வடக்கு நோக்கிய ஓட்டமே மிகுதி. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. மணல் தெற்கே தேங்கியது. வடக்கே நகரத்தின் கரை கரைந்தது. எஞ்சியது சாலையும் கருங்கற்குவியலும்தான். கடற்கரை நகரம் எனப் பெயர்பெற்ற ஊரில் கால் புதைய மணல் இல்லை!

பயணிக்கு அது ஏமாற்றம் மட்டுமே. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் மீனவர்களுக்கோ படகை ஏற்றி வைக்கவும் வலையை உலர்த்தவும் இடம் போயிற்று. ஓரிடத்தில் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகரும்; அவ்வாறே அது தமிழகத்துக் குப்பங்கள் வரை சென்றது.

2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்குள் ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றை இறக்கினர். துறைமுக முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலும் கரைக்கு வந்தது. அலையின் வேகம் தணிய, ஒரு பகுதியில் மணற்கரை மீண்டது. மாலையில் வண்டிகள் நிறுத்தப்பட்ட சாலையிலிருந்து இறங்கிக் குழந்தைகள் அதில் வீடு கட்டுவதைப் பார்க்கலாம். செஞ்சியிலிருந்து கொணர்ந்த தூண்களுக்கு நடுவே காந்தி சிலை நிற்கிறது.

பழமையும் பிரெஞ்சுச் சாயலும் அந்நகரத்தின் கவர்ச்சி என்பர். வருபவரை வரவிட்டதே அதன் பெருமை என்று எனக்குத் தோன்றுகிறது. வருகின்ற மணலைத் தடுத்தபோது கரை போயிற்று. வழிவிட்ட அளவுக்குத்தான் அது திரும்பியிருக்கிறது. வடக்கேயுள்ள குப்பங்களுக்கும் அம்மணல் போய்ச் சேரும் நாளிலேயே அந்த மீட்சி முழுமையாகும்.